நெக்லெக்ட் என்று எழுதினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

வேலைக்கு விண்ணப்பித்த வாசகர் ஒருவர் சான்றிதழை இணைக்க மறந்துவிட்டு, மறுநாள் "ஐ நெக்லெக்டட் டு அட்டாச் தி சர்டிஃபிகேட்" என்று மெயில் போட்டிருக்கிறார். "நான் அலட்சியமான ஆள்னு நீயே எழுதிக் கொடுத்துட்டியே" என்று நண்பர் பயமுறுத்த, தூக்கம் போய்விட்டதாம்.

தூங்குங்கள். வாக்கியம் சரிதான். நெக்லெக்ட்டுக்குப் பின்னால் 'டு' வந்து ஒரு வினையும் வந்தால், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டேன் என்று பொருள், மறதியும் அதில் அடக்கம். 'ஃபர்காட்' என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை, அவ்வளவுதான்.

'டு' இல்லாமல் நேராக ஆளோ பொருளோ வந்தால்தான் சொல் கனக்கும். பெற்ற பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போடாமல் விடுவது நெக்லெக்ட். பஸ்ஸில் பார்த்தும் பார்க்காததுபோல் போன நண்பன் செய்தது இக்னோர், நாம்தான் அதற்கும் "நெக்லெக்ட் பண்றான்" என்கிறோம். உங்களைப் பராமரிக்கும் கடமை அவனுக்கு என்ன இருக்கிறது?

ஒரே ஒரு இடத்தில் உஷார். 'நெக்லெக்டட் டு மென்ஷன்'. தனக்குக் கல்யாணமாகிவிட்டதை ஒருவன் 'நெக்லெக்டட் டு மென்ஷன்' என்றால், பாவம் மறந்துவிட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வேண்டுமென்றே மறைத்தான் என்று நாசூக்காகக் குத்துவது பெரும்பாலும் அப்படித்தான். இலக்கணம் அதேதான், அதே 'டு'தான், ஆனால் மென்ஷன் பக்கத்தில் வந்ததும் தொனி மாறிவிடுகிறது. பழைய வேலையை விட்ட தேதியைச் சொல்ல நிஜமாகவே மறந்திருந்தால் தயவுசெய்து இந்த ஜோடியைத் தொடாதீர்கள். உங்கள் 'அட்டாச்'சுக்கு இந்த வாடை கிடையாது.

அப்புறம், நண்பருக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது நாளில் ஆங்கிலம் என்று காசு வாங்குகிற சென்டர்களின் ஜெராக்ஸ் தாள், நெக்லெக்ட் என்றால் அலட்சியம், ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம், முடிந்தது பாடம். கடிதம் திருத்தித் தருகிறேன் என்று கிளம்பியிருப்பவர்கள் இன்னும் மோசம். வேலையில் கவனக்குறைவு என்ற புகாருக்குப் பதில் எழுதப்போன ஒருவருக்கு, 'நெக்லிஜென்ட்' இல்லை என்பதற்குப் பதிலாக 'மை ஒர்க் இஸ் நெக்லிஜிபிள்' என்று தட்டிக் கொடுத்திருந்தார்கள். என் வேலை கணக்கில் சேர்க்கக்கூட லாயக்கில்லாத அளவு என்று அர்த்தம்! பன்னிரண்டு வருஷம் எதிர்ச்சொல்லை மனப்பாடம் செய்யவைத்து மார்க் போடுகிற பள்ளிக்கூடம், சொந்தமாக ஒரு கடிதம் எழுத விட்டிருந்தால் இவர்களுக்கு ஏது பிழைப்பு?

விளக்கம் சொல்லி இன்னொரு மெயில் போட வேண்டாம். மறுநாள் போட்ட அந்த மெயிலிலாவது சான்றிதழை இணைத்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.