முட்டை வெயிலில் கிடக்கிறது, தள்ளி நில்லுங்கள்

கேள்வி: பெரும்பாக்கம் ஏரிக்கரையில், தண்ணீர் வற்றிய சேற்றுத் திட்டில் நீளமான சிவப்புக் கால் பறவை நான்கு முட்டை இட்டிருக்கிறது. என் மகளுக்கு தினமும் போய்ப் பார்க்க ஆசை. கிட்டப் போனால் கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றுகிறது. எப்படிப் பார்ப்பது? குஞ்சு தனியாகத் திரிந்தால் எடுத்து வளர்க்கலாமா?

பதில்: அது பவளக்கால் உள்ளான். நெடுங்கால் உள்ளான் என்றும் சொல்வார்கள். கோடையில் நீர் வற்ற வற்ற, திட்டுகளில் முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சிறு பள்ளம், ஓரத்தில் நாலு காய்ந்த குச்சி.

தலைக்கு மேல் கத்துகிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள். இத்தனை அடி தள்ளி நில்லுங்கள் என்று நான் கணக்குச் சொல்ல மாட்டேன், பறவையே சொல்லிவிடும். மெதுவாகப் பின்வாங்குங்கள். கத்தல் அடங்கி, அது தரையிறங்கி, நடந்துபோய் முட்டைமேல் உட்கார்ந்ததா? சரி, அதுதான் உங்கள் இடம். ஐந்து நிமிடத்தில் உட்காரவில்லையென்றால் அன்றைக்குக் கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு வெயிலுக்காகத்தான். மே மாதச் சென்னையில் அந்த முட்டைகளுக்குத் தாய் தகப்பன் உடம்பைத் தவிர வேறு நிழல் கிடையாது. உச்சிவெயிலில் ஒன்று தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் உட்காரும். அதைத் தூர இருந்து பார்த்தால், கிட்டப் போக மனசே வராது. நீங்கள் எழுப்பிவிடும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை சுடும், காக்கையும் கவனிக்கும்.

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் போங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். காரை ஓரமாக நிறுத்தி உள்ளிருந்தே பார்ப்பது இன்னும் நல்லது. கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உங்கள் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு நாய் வரும். அதனால் கூடுவரை நடக்கவே வேண்டாம்.

பொரிக்கச் சுமார் 25 நாள் ஆகும். அப்புறம் ஒரே நாளில் குஞ்சு எழுந்து, தானே இரை பொறுக்க ஆரம்பித்துவிடும். தனியாகத் திரிவது அனாதை என்பதால் அல்ல. பெற்றவர்கள் எச்சரித்தால் அப்படியே தரையோடு படுத்துவிடும். ஒருமுறை என் காலுக்கு மூன்றடியில் கிடந்ததை மண்ணாங்கட்டி என்றே நினைத்தேன். கண் சிமிட்டிய பிறகுதான் குஞ்சு என்று தெரிந்தது. எனவே எடுக்காதீர்கள், வளர்க்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முட்டையையும் கூட்டையும் கலைப்பதைக்கூட வேட்டைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. நடுரோட்டில் மாட்டிக்கொண்டால் மட்டும் தூக்கி நீர்ப்பக்க ஓரத்தில் விடுங்கள்; மனிதக் கை பட்டதென்று தாய் ஒதுக்காது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். முதுகு பளபளக்கும் கறுப்பு என்றால் ஆண், பழுப்பு கலந்திருந்தால் பெண். இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், யார் எழுந்தார் என்று அவளே எழுதட்டும்.