எம்4: ஸ்பிரிங்கை மாற்ற அவசரம் வேண்டாம்

சார், புது பிஎம்டபிள்யூ எம்4 காம்பெடிஷன் காரில் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் போனால் இடுப்பு கழன்றுபோகிறது, ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள், வாரண்டிக்கு வம்பு. முதலில் காலையில், வண்டியை எடுக்கும் முன் டயர் காற்றைப் பாருங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிடக் கூடுதலாக இருந்தால் கல்லு மாதிரிதான் ஓடும். பின் டயர் 285/30. அதாவது பக்கச்சுவர் உயரம் 285 மில்லிமீட்டர் அகலத்தில் 30 சதவீதம், சுமார் 86 மில்லிமீட்டர்தான். குழியை வாங்கிக்கொள்ள அங்கே ரப்பரே இல்லை, அடி நேராக ரிம்முக்குப் போகும். என்ன செய்தாலும் இது குடும்ப செடான் ஆகாது.

அப்புறம் சஸ்பென்ஷனை கம்ஃபர்ட்டிலும் என்ஜினை ஸ்போர்ட்டிலும் வைத்து, ஸ்டியரிங்கில் இருக்கும் சிவப்பு எம்1 பட்டனில் சேமித்துவிடுங்கள். என் வண்டியில் அப்படித்தான். பாலக்காடு வரை சகிக்க முடிகிறது. 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் (டார்க்) இப்போதே சோதிக்க வேண்டாம். முதல் 2,000 கிலோமீட்டருக்கு 5,500 ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது. அது முடிந்ததும் ஆயில் மாற்றும் சர்வீஸைத் தவறவிடாதீர்கள். வாளையாறு நான்கு வழிச்சாலையில் போய்ப் பாருங்கள், வண்டியின் குணமே வேறு. வேகத்தடையில் சாய்வாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.