போனஸ் வந்த மாதத்தில் வரிப் பிடித்தம் ஏன் எகிறுகிறது?

தீபாவளி போனஸும் ஓவர்டைம் பணமும் சேர்ந்து வந்த மாதத்தில் சம்பளச் சீட்டைப் பார்த்து மனம் நொந்தவர்கள் பலர். உழைத்த காசு குறையும்போது வலிக்கத்தான் செய்யும்.

சம்பளத்தில் நடக்கும் வரிப் பிடித்தமான டி.டி.எஸ். என்பது, உங்கள் ஆண்டு வருமானத்தை நிறுவனம் முன்கூட்டியே கணித்து, அதற்கான வரியை மாதாமாதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது. போனஸ் வந்ததும் அந்தக் கணிப்பு உயர்கிறது.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், கழிவுகள் போக 14 லட்சம் ரூபாய் வருமானத்துக்கு, வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 93,600 ரூபாய் வரி, மாதத்துக்கு 7,800. போனஸாக ஒரு லட்சம் வந்தால், அது 15 சதவீதப் படியில் விழுகிறது. செஸ்ஸும் சேர்த்து 15,600. அதை ஒரே மாதத்தில் பிடித்தால், சீட்டில் 23,400 என்று நிற்கும். சில நிறுவனங்கள் மீதி மாதங்களுக்குப் பிரித்துவிடுகின்றன, கேட்டுப் பாருங்கள்.

வரிப் படிகளை வரிசையாக வைத்த குடங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குடங்களைச் சம்பளமே நிரப்பிவிடுகிறது. பிறகு ஊற்றும் போனஸ், சம்பளம் எட்டிய, வரி கூடுதலான கடைசிக் குடத்தில்தான் விழும்.

போனஸுக்கென்று தனி வரி விகிதம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை, கூடுதலாகப் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.