பூங்குழலியின் படகும் எங்கள் கடலும்: வாசகர் கேள்வி பதில்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை இலங்கையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தேன். நிறையக் கடிதம் வந்தது. நாலு தரம் வாசித்தவர்களும் எழுதினார்கள், நாற்பது பக்கத்தோடு மூடிவைத்தவர்களும் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. என்னை அதிகம் யோசிக்கவைத்த சிலவற்றுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: என்னோடு வேலை செய்கிற சிங்கள நண்பருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் அநுராதபுரத்தில் விகாரைகளைப் பழுதுபார்க்கச் சொன்னான், பிக்குமார் சிம்மாசனம் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றான் என்றெல்லாம் சொன்னேன். “அநுராதபுரத்தை அழித்தவர்களே சோழர்கள்தானே?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் கருத்து?

உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

கதை நடப்பது சுந்தர சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் பின்பாதியில். அந்தக் காலத்தில் இலங்கைக்கு வந்த சோழப் படைக்குப் பெரிய வெற்றி எதுவும் கிடைக்கவில்லை. கொடும்பாளூர்ச் சிறிய வேளார் இங்கே போரில் இறந்ததைக் கல்வெட்டே சொல்கிறது. நாவலில் வானதி நினைத்து நினைத்து அழுவாளே, அந்தத் தகப்பன்தான் அவர். உண்மையான படையெடுப்பு வந்தது பிறகு, அதே அருள்மொழிவர்மன் இராஜராஜனாக முடிசூடிய பின்னால், 993 அளவில். அப்போது இங்கே ஐந்தாம் மகிந்தன் அரசன். படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல், படையே கலகம் செய்ததால் தெற்கே உருகுணைக்கு ஓடிப்போயிருந்தான். அநுராதபுரம் வீழ்ந்தது, பொலன்னறுவை ‘ஜனநாதமங்கலம்’ என்ற பெயரில் சோழரின் தலைநகரானது. 1017 இல் இராஜேந்திரன் காலத்தில் மகிந்தனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் பன்னிரண்டு வருடம் சோழநாட்டிலேயே இருந்து 1029 இல் இறந்தான். தாதுகோபங்களை உடைத்தார்கள், பொன்னால் செய்த சிலைகளைக் கொண்டுபோனார்கள், இரத்தம் குடிக்கும் இயக்கர்களைப்போல இலங்கையின் செல்வத்தை உறிஞ்சினார்கள் என்று மகாவம்சம் எழுதுகிறது. அதை எழுதியவர்கள் கொள்ளை போன பக்கத்தில் நின்றவர்கள் என்பது சரிதான், ஆனால் கொள்ளை நடக்கவில்லை என்று அதற்காகச் சொல்லிவிட முடியாது.

இதை நண்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அது ஒரு பௌத்தப் பள்ளி. சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி, அதற்குக் கொடுத்த தானங்களைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1070 இல் முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தினான், உண்மை. பிறகு அவன் கட்டிய தந்ததாதுக் கோயிலுக்குக் காவல் நிற்பதாகச் சத்தியம் செய்துகொடுத்தவர்கள் யார் தெரியுமா? வேளைக்காரர் என்ற தமிழ்ப்படை. அந்தத் தமிழ்க் கல்வெட்டு இன்றைக்கும் பொலன்னறுவையில் நிற்கிறது.

கல்கி காட்டுகிற இளவரசன் ஒரு ஆசை. அரசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று 1950 இல், இந்தியா விடுதலையாகி மூன்று வருடம் சற்றே தாண்டிய நேரத்தில் ஒரு மனிதர் ஆசைப்பட்டு எழுதினார். அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். சிம்மாசனத்தை மறுக்கிற அந்த இரவுக் காட்சியை இப்போது வாசித்தாலும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அதை வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், இந்தத் தீவில் பக்கத்து வீட்டாரோடு பேசவேண்டிய இடத்தில் அவர்கள் வாயடைத்து நிற்பார்கள், உங்களுக்கு நடந்ததுபோல.

மட்டக்குளி வாசகர் (சொந்த இடம் வடமராட்சி): பூங்குழலி தனியே படகு வலித்துக்கொண்டு கோடிக்கரைக்கும் இலங்கைக்கும் போய்வருவதை என் மருமகன் நம்பமாட்டேன் என்கிறான். நடக்கக்கூடியதா?

இந்தக் கடிதத்தை வாசித்ததும் எனக்கு உடனே பதில் எழுதவேண்டும் போல இருந்தது. கோடிக்கரையில் இருந்து காங்கேசன்துறைப் பக்கக் கரைக்கு ஏறத்தாழ 55, 60 கிலோமீற்றர். கதையில் வருகிற நாகத்தீவை நயினாதீவு என்று எடுத்தால் இன்னும் கொஞ்சம் தூரம். துடுப்பால் மட்டும் வலிப்பதென்றால் நல்ல கையுள்ள ஆளுக்கும் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போகும். கதை ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது, அப்போது சோளகக் காற்று. தென்மேற்கில் இருந்து அடிக்கிற காற்று அந்தப் பாதைக்குப் பக்கவாட்டில் வந்து விழும். கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியமில்லை. இராமுழுக்கப் படகு வலித்துப் பழகிய ஒரு கரையோரப் பெண்ணுக்கு அது பிரமாதமான செயல், மாயாஜாலம் இல்லை.

மருமகன் இன்னும் நம்பாவிட்டால் உங்கள் ஊர்க் கதையையே எடுத்துச் சொல்லுங்கள். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இருந்து கோடிக்கரைக்குப் படகு இல்லாமல் நீந்தியே போனார், 27 மணித்தியாலத்தில்! கல்கி இதழில் இந்தத் தொடர்கதை முடிந்ததும் அதே 1954 இல்தான். ஒரு பக்கம் சென்னையில் ஒருவர் பூங்குழலியின் கடலை எழுதி முடித்துக்கொண்டிருக்கிறார், இன்னொரு பக்கம் அதே கடலை ஒருவர் கையால் அளந்து கடக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் வடமராட்சிச் சனம் சிதம்பரத்துக்கும் வேதாரணியத்துக்கும் தோணி ஏறிப் போய்வந்தது. இந்தியாவில் இருக்கிற வாசகருக்குப் பூங்குழலி ஒரு கற்பனை அழகி. எங்களுக்கு அவள் பக்கத்துக் கரையில் இருக்கிற மச்சாள் மாதிரி. தொண்டைமானாற்று முகத்துவாரம் நாவலில் வருகிற இடத்தில் அந்த ஊர்க்காரர் யாராவது நிற்காமல் பக்கத்தைத் திருப்பியிருப்பார்களா என்ன?

தெஹிவளை வாசகர்: எல்லோரும் புகழ்கிறார்களே என்று தொடங்கினேன். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், யாரோ அலறுகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லை. களைத்துப்போனேன்.

உங்கள் குறையில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மூன்றரை வருடம் வாராவாரம் வந்த கதை இது. அடுத்த வாரம் வரைக்கும் வாசகரைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது, அதனால்தான் அந்தக் கதவு தட்டல். புத்தகமாக ஒரே மூச்சில் வாசித்தால் அது அலுக்கத்தான் செய்யும். மூன்றாம் நான்காம் பாகங்களில் சுரங்கப்பாதையும் ஒட்டுக்கேட்பதும் அளவுக்கு மிஞ்சிப்போய்விட்டது என்பது என் எண்ணமும்கூட. எங்கள் வீட்டில் அம்மா, வந்த இதழ்களில் இருந்து தாள்களைப் பிரித்துத் தைத்துக் கட்டிவைத்திருந்தார். ஓவியர் மணியத்தின் படங்களோடு நான் வாசித்தது அந்தக் கட்டில்தான். நடுவில் சில வாரம் இல்லை. அந்த ஓட்டைகளை நானே கற்பனையால் நிரப்பிக்கொண்டேன், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை! நீங்களும் இரவில் இரண்டு அத்தியாயம், அதற்குமேல் வேண்டாம் என்று வைத்து வாசித்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிவு சட்டென்று வந்துவிட்டது, அந்தந்தப் பாத்திரம் பிறகு என்ன ஆனது என்று அப்போதே வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கல்கி முடிவுரையில் அவர்களுக்குப் பதிலும் எழுதியிருக்கிறார். அதே வருடம் டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

வத்தளை வாசகி: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? சும்மா இழுக்காமல் சொல்லுங்கள்.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களை, அருள்மொழிவர்மனின் அண்ணன் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லியே குறிக்கிறது. அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலங்கள் பற்றிய ஆணை அது. அவர்களுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்பதை அந்தக் கல் சொல்லவில்லை, அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நந்தினி முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவன் அப்படியில்லை, குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறார். இன்னொன்றும் சொல்லவேண்டும்: அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு படுத்திருக்கும் நாகப்பட்டினம் சூடாமணி விகாரை உண்மையில் அந்த நேரத்தில் இருந்ததில்லை. அவர் அரசரான பிறகு, ஸ்ரீவிஜய அரசர்கள் கட்டியது அது. கதைக்காகக் கல்கி அதை முன்னால் இழுத்துக்கொண்டார்.

மருதானை வாசகர்: படம் இரண்டு பாகமும் பார்த்துவிட்டேன். இனி வாசிக்க வேண்டுமா?

வந்தியத்தேவனை விரும்புகிற மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலின் கடைசிப் பக்கங்கள் அவளுடையவை. வாசியுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி: மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஐந்து பாகத்தை எப்படிக் கையில் கொடுப்பது?

ஐந்தையும் கொடுக்காதீர்கள், பிள்ளை பயந்துவிடும். முதல் பாகத்தில்கூடத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தின் பெயரே ‘பூங்குழலி’. கோடிக்கரை, கடல், படகு, தனியே பாடுகிற ஒரு பெண், அங்கே தொடங்குங்கள். நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவள் கேட்கட்டும். என் தங்கையின் மகளுக்கு நான் அப்படித்தான் வாசித்துக் காட்டினேன். ரியூஷன் முடிந்து வந்து சாப்பிடுகிற அந்த இருபது நிமிஷம்தான் எங்களுக்குக் கிடைத்தது. பதினைந்து நாள் போனபிறகு, நான் வரப் பிந்திய ஒரு மாலையில், அவளே புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே முதல் பாகத்துக்குப் போய், வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற அந்த வாலிபனைச் சந்தித்துக்கொண்டாள். தேவாரப் பாட்டு, நீண்ட வரலாற்று விளக்கம் எல்லாவற்றையும் முதல்தரம் தாண்டிவிடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, ஆகவே விலை குறைந்த பதிப்புகள் பல உண்டு. எழுத்துப் பெரிதாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பொலன்னறுவைக்குப் போக எனக்கு இப்போது உடம்பு இடங்கொடாது. கொழும்பிலேயே சோழர் காலத்தைக் கண்ணால் பார்க்க வழி உண்டா ஐயா?

உண்டு ஐயா. தேசிய நூதனசாலைக்குப் போங்கள். பொலன்னறுவைச் சிவன்கோயில் இடிபாடுகளில் கிடைத்த வெண்கலத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன, நடராசரையும் அம்மனையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்துக் கல்வெட்டு ஒன்றும் அந்த நூதனசாலைக்குச் சேர்ந்தது. தாழி குமரன் என்ற சோழ அதிகாரி மாதோட்டத்தில் இராஜராஜ ஈசுவரம் என்று ஒரு கோயில் எடுத்ததை அது சொல்கிறது. மாதோட்டத்துக்கே அப்போது இராஜராஜபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாவலில் சோழச் சேனாதிபதி பாசறை போட்டிருப்பது இதே மாதோட்டத்தில், எங்கள் திருக்கேதீச்சரப் பக்கத்தில்தான்.

வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போனால் வீணாக நடக்கவேண்டி வராது. பேரப்பிள்ளை யாராவது இருந்தால் கையோடு கூட்டிப்போங்கள், அந்தப் பழைய எழுத்தில் ‘ன’ எது ‘ர’ எது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.