கலரை இறக்கினால் நுவார் ஆகிவிடாது

அன்புள்ள ஐயா,

ஒரே வாரத்தில் டெல் டோரோவின் ‘நைட்மேர் ஆலி’ (2021), லிங்க்லேட்டரின் ‘பாய்ஹுட்’ (2014) இரண்டையும் பார்த்தேன். முதலாவது, 1947இல் வந்த மூலப்படத்தைவிட மேலானதா? டிவியில் கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்த்தபோதுதான் அது அசல் நுவார் (இருட்டும் நிழலும் நிறைந்த குற்றக்கதைப் படம்) போல இருந்தது. ‘பாய்ஹுட்’டில் கடைசிவரை ஒன்றுமே நடக்கவில்லை. நானும் ஒரு நுவார் குறும்படம் எடுக்கிறேன். கலரில் எடுத்து டிஐயில் (படப்பிடிப்புக்குப் பிறகு கணினியில் நிறம் திருத்தும் கட்டம்) கறுப்பு வெள்ளை ஆக்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

மேலா கீழா என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எட்மண்ட் கோல்டிங்கின் 1947 படத்தில், கேளிக்கைக் கூடாரத்தில் உயிருள்ள கோழியின் தலையைக் கடிக்கும் ‘கீக்’ வேலைக்குக் கதாநாயகன் ஸ்டான் சம்மதித்த பிறகும் கதை நகர்ந்து, அவனை நேசிக்கும் மோலியிடம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. டெல் டோரோ அவன் சம்மதிக்கும் முகத்திலேயே நிறுத்துகிறார். முடிவில் புதியது மேல். ஒளிப்பதிவில் நான் பழைய படத்தின் லீ கார்ம்ஸின் பக்கம்.

அந்த டிவி விஷயத்துக்கு வருவோம். அதை ஏன் செய்தீர்கள்? டெல் டோரோவே 2022 ஜனவரியில் இதன் கறுப்பு வெள்ளைப் பதிப்பைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தார். கலரை இறக்கும்போது டிவி ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் போடும்: சிவப்பில் 21 சதம், பச்சையில் 72, நீலத்தில் 7. மோலியாக வரும் ரூனி மாராவின் சிவப்புக் கோட்டு கருஞ்சாம்பலாகிப் பின்னாலிருக்கும் இருட்டோடு ஒட்டிக்கொள்ளும். டிஐயில் நிறம் திருத்தும் கலரிஸ்ட் ஷாட்டுக்கு ஷாட் இந்த விகிதத்தை மாற்றுவார். சிவப்பைக் கூட்டினால் முகம் வெளுத்து வழுவழுப்பாகும். நீலத்தைக் கூட்டினால் தோலின் புள்ளியெல்லாம் எழுந்து நிற்கும், கூடவே நாய்ஸும் (படமெங்கும் மணல் போன்ற துகள்கள்) ஏறும். ஃபிலிம் காலத்தில் இதை லென்ஸின் முன் போடும் நிறக் கண்ணாடியான ஃபில்டர்தான் செய்தது. மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்), ஆரஞ்சுக்கு இரண்டு, அடர்சிவப்புக்கு மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை இழக்கவேண்டும்.

உங்கள் படத்துக்கு ஆபத்து டிஐயில் இல்லை, அறையில் இருக்கிறது. நம் வீடுகளின் சின்ன அறை, வெள்ளைச் சுவர். ஒரே ஒரு கீ லைட் (முதன்மை விளக்கு) வைத்தாலும் சுவர் நான்கும் அதை வாங்கித் திருப்பி அடிக்கும். நிழல் நிழலாகவே இருக்காது. நிழலை நிரப்பும் ஃபில் லைட்டை அணைத்துவிட்டேன், பிறகும் ஏன் இருட்டவில்லை என்று குழம்புவீர்கள். நடிகரின் இருட்டுப் பக்கம், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே, ஓர் ஆள் உயரக் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு நெருக்கிக் கட்டுகிறீர்களோ அவ்வளவு இருட்டும். முகத்தின் இரு பக்கத்துக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டுக்கு ஒன்று, வந்தால் நுவார் தொடங்கிவிட்டது. அடுத்தது தலைமுடி. கறுத்த முடி, கறுத்த பின்னணி. பின்னாலிருந்து ஒரு மெல்லிய பேக்லைட் கோடு இல்லையென்றால் தலையே காணாமல் போகும். பச்சைச் சுவருக்கு முன்னால் சிவப்புச் சட்டை கலரில் பளிச்சென்று பிரிந்து தெரியும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம். ஆகவே மானிட்டரை முதல் நாளே கறுப்பு வெள்ளையில் வையுங்கள். உடையையும் சுவரையும் அதில் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். டெல் டோரோவின் படத்தை ஒளிப்பதிவாளர் டான் லாஸ்ட்ஸன் கலரில் எடுத்தும் அது கறுப்பு வெள்ளையில் நின்றது, செட்டிலேயே அதற்காக ஒளி அமைத்ததால்தான்.

‘பாய்ஹுட்’ பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்கு வலித்தது. 2002 முதல் 2013 வரை அதே சிறுவனை வைத்து எடுத்த படம். டிஜிட்டல் கேமராக்கள் ஆண்டுதோறும் மாறிய காலம் அது. தோற்றம் மாறக்கூடாதென்று கடைசிவரை 35 எம்எம் ஃபிலிமிலேயே நின்றார்கள். ‘இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று ஓர் எழுத்துகூடத் திரையில் வராது. மாற்றாந்தந்தை அந்தப் பையனின் நீள முடியை வலுக்கட்டாயமாக ஒட்ட வெட்டவைக்கும் காட்சியை இன்னொருமுறை பாருங்கள். நாற்காலியில் அவன் முகத்தைப் பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லையா?

நீங்கள் எடுக்கத் துணிந்ததே எனக்கு மகிழ்ச்சி. கறுப்புத் துணி கட்டி ஒரு ஷாட், கட்டாமல் ஒரு ஷாட், இரண்டையும் டிஐக்கு முன்பே எனக்கு அனுப்புங்கள்.