அண்ணாச்சி பதில்கள்: ஒரு ஊருக்கு மட்டும் லீவு

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்னு ஒரு ஊர்ல வேலை பாக்குதான். ஆகஸ்ட் 8 அவனுக்கு லீவாம், பக்கத்துல ம்யூனிக்ல இருக்க அவன் ஃப்ரெண்டுக்கு லீவு கிடையாதாம். கேட்டா சமாதானத் திருவிழாங்கான். அன்னைக்கு டவுன்ஹால் முன்னாடி நீளமா மேசை போட்டு அவங்கவங்க வீட்டுச் சாப்பாட்டக் கொண்டாந்து பங்கு வச்சு சாப்பிடுவாங்களாம். அது என்ன திருவிழா? இவன் என்னத்த செஞ்சு கொண்டு போகட்டும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாயி, உங்க மகன் சொன்னது நிசந்தான். ஜெர்மனியிலயே ஒத்த ஊருக்குன்னு சட்டத்துல எழுதி வச்சிருக்க லீவு அது ஒண்ணுதான், ஊர் எல்லையத் தாண்டுனா அன்னைக்கு ஆபீஸ் உண்டு. நம்ம நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுதாவல்லா, அது மாதிரினு வச்சுக்கிடுங்க, ஆனா அங்க 1950லேர்ந்து வருஷா வருஷம் நிலையா இருக்கு, யாரும் ஆர்டர் போட வேண்டியதில்ல.

பேரு சமாதானத் திருவிழா, ஆனா ஆகஸ்ட் 8ங்கது அந்த ஊர்ல ஒரு கூட்டத்தார் அடி வாங்குன தேதி. இதப் படிச்சதும் எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அங்க ஆர்.சி.ங்க கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் ஒரே மதிலுக்குள்ள குடியிருந்தாவ, 1555லயே அந்த ஊர்ல வச்சுத்தான் ரெண்டு மார்க்கத்துக்கும் நடுவுல ஒரு உடன்படிக்கை ஆச்சு, ஆனாலும் 1618ல முப்பது வருஷ யுத்தம் மூண்டுட்டு. நடுவுல 1629ல கத்தோலிக்கப் பேரரசர் ரெண்டாம் ஃபெர்டினாண்ட் ஒரு கட்டளை போட்டாரு, அத வச்சு அந்த வருஷம் ஆகஸ்ட் 8ம் தேதி புராட்டஸ்டன்ட் போதகர்கள எல்லாம் நீக்கி, இனிமே ஊருக்குள்ள ஆராதனையே நடத்தப்படாதுன்னுட்டாவ. 1632ல சுவீடன் ராஜா வந்து ஊரப் பிடிச்சாரு, அப்ப புராட்டஸ்டன்ட் கை ஓங்குச்சு, 1635ல திரும்ப கத்தோலிக்கர் கை. புராட்டஸ்டன்ட்காரங்க வேதக்கோயில் எல்லாம் கையவிட்டுப் போயி, புனித அன்னாள் கோயில் பக்கத்துல பள்ளிக்கூட முத்தத்துல வெட்டவெளியில நின்னு ஜெபம் பண்ணிருக்காவ, அதும் வருஷக்கணக்குல, அந்த ஊர்ப் பனியில.

1648ல யுத்தம் முடிஞ்சு வெஸ்ட்ஃபேலியா ஒப்பந்தம் ஆச்சு, பறிச்ச உரிமை திரும்ப வந்துச்சு, 1650ல முதல் திருவிழா நடத்துனாவ. அதுக்கு ஒப்பந்தம் ஆன தேதிய எடுத்திருக்கலாம், ஆனா அவுக எடுத்தது கதவ அடைச்ச தேதிய.

அந்த ஒப்பந்தத்துல இன்னொரு விஷயம் இருக்கு தாயி, அத நம்ம பக்கத்து ஆளுக அவசியம் தெரிஞ்சுக்கிடணும். ஊர்ப் பதவி எல்லாத்தையும் சரிபாதியா பிரிச்சாவ. நகரத் தலைவர் ரெண்டு பேருன்னா ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம், சபையிலயும் அப்படியே பாதிக்குப் பாதி. எந்தப் பக்கம் எத்தன தலைக்கட்டுன்னு எண்ணிப் பாத்து பெருசு சின்னதுன்னு பிரிக்கல. நம்ம ஊர்கள்ல கோயில் கொடை விழாவுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தை வைப்பாவல்லா, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து டீ கூட சேர்ந்து குடிக்காமப் போவாவ, அடுத்த வருஷம் அதே தகராறு அதே பேச்சுவார்த்தை, ஏன்னா அந்தப் பேப்பர்ல சாமி எந்தத் தெருவழியா எத்தன மணிக்குப் போகணும்னுதான் இருக்கும், ஊர்க் காரியத்துல யாருக்கு என்ன இடம்னு இருக்காது.

கேள்வி: புராட்டஸ்டன்ட்காரங்க மட்டும் கொண்டாடுன ஒரு விழாவப் போயி சமாதான விழான்னு எப்படிச் சொல்ல முடியும்?
- கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: நல்ல கேள்வி தம்பி, நீ கேட்டது நியாயந்தான். ரொம்ப காலத்துக்கு அது ஒரு தரப்பு விழாவாத்தான் இருந்துச்சு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் செப்புத்தகட்டுல அச்சடிச்ச சமாதானப் படம் குடுப்பாவளாம், 1789 வரைக்கும் அந்த வழக்கம் இருந்துருக்கு. எதிர்த் தரப்பு வந்து சேர்ந்தது நம்ம அப்பா, தாத்தா காலத்துலதான். 1985லேர்ந்து மூணு வருஷத்துக்கு ஒருக்கா சமாதானப் பரிசு குடுக்காவ, 2005ல சோவியத் யூனியன் தலைவரா இருந்த கோர்பசேவுக்குக் குடுத்தாவ. 1999 அக்டோபர் 31 அன்னைக்கு அதே ஊர்ல வச்சுத்தான் கத்தோலிக்க சபையும் லுத்தரன் சபைகளும் பழைய வேத வழக்கு ஒண்ணுல ஒத்துப்போயி கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாவ. இப்ப முஸ்லிம், யூதர், சாமியே கும்பிடாதவங்க எல்லாரும் அந்த மேசைக்கு வராவ, 2018ல ஜெர்மனி தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல இந்த விழாவச் சேத்துருக்கு. 1650லேர்ந்து கணக்குப் போட்டுப் பாரு தம்பி, எத்தன தலைமுறை. ஆனா அத்தன காலமும் விழாவ நிப்பாட்டாம நடத்திட்டே வந்ததாலதான அடுத்தவன் வந்து உக்கார அங்க ஒரு இடம் இருந்துச்சு.

கேள்வி: எங்க ஸ்கூல்ல பையன்க கையில கயிறு கட்டி இன்னார் இன்னாருன்னு காட்டிக்கிடுதான்க. இப்படி ஒரு விழா நம்ம பக்கம் நடத்த முடியுமா அண்ணாச்சி?
- ஆசிரியை, சேரன்மகாதேவி பக்கம்

பதில்: டீச்சர், உங்க ஊர் பேரப் பாத்ததுமே எனக்கு குருகுலம் ஞாபகம் வந்துட்டு. நூறு வருஷத்துக்கு முன்னாடி சேரன்மகாதேவியில வ.வே.சு. ஐயர் நடத்துன குருகுலத்துல சில பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியா சாப்பாடு போட்டதுதான் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்குச்சு, பெரியார் 1925ல காங்கிரஸ விட்டு வெளிய வந்ததுக்கு அந்தப் பந்தியும் ஒரு காரணம். அதனால நம்ம பக்கத்துல சாப்பாட்ட சின்ன விஷயம்னு யாரும் சொல்லப்படாது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டுனான்க, அதுக்கப்புறந்தான் நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒரு குழு போட்டுச்சு, அவரு 2024ல குடுத்த அறிக்கையில இந்தக் கயிறையும் சொல்லிருக்காரு. கயிற அறுக்கச் சொல்லிரலாம் டீச்சர், அவனும் ஸ்கூல் கேட்டுக்குள்ள மட்டும் கழட்டி பையில வச்சுக்கிடுவான்.

நம்ம கோயில்கள்ல ஆகஸ்ட் 15க்கு பொது விருந்து நடக்கத்தான் செய்யுது. அது நல்லது, நடக்கணும். ஆனா அங்க சமைக்கது கோயில் மடப்பள்ளி, நாம போயி உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துருதோம், யார் வீட்டு அடுப்பும் யார் வாய்க்கும் வரல. அந்த ஊர் மேசையில அடுத்த வீட்டு அடுப்புல வெந்தத வாங்கித் திங்கணும், நம்ம வீட்டுல வெந்தத அவன் திங்கதப் பாக்கணும். அதத்தான் நான் உங்க கிளாஸுக்குச் சொல்லுதேன். பெரிய விழால்லாம் வேண்டாம், வாரத்துல ஒரு நாள் டிபன்பாக்ஸ எல்லாம் நடுவுல வைக்கச் சொல்லுங்க, சத்துணவு வாங்குத பிள்ளைக தட்டும் அந்த நடுவுலயே இருக்கட்டும், மொதல்ல நீங்க உங்க டப்பாவத் திறந்து வச்சு, யார் டப்பாவ யாரும் தொட மாட்டாவளோ அதுலேர்ந்து எடுத்து சாப்பிடுங்க. பெத்தவங்க ரெண்டு பேர் வந்து சத்தம் போடத்தான் செய்வாவ. அன்னைக்கு ஹெட்மாஸ்டர் உங்க பக்கத்துல நிக்கணும், அதுக்கு இப்பவே அவருகிட்ட பேசி வச்சுக்கிடுங்க.

பாளையங்கோட்டைத் தாயி கடைசியா கேட்டதுக்கு வாரேன். சொதி செய்யச் சொல்லுங்க. நம்ம பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநா மறுவீட்டுப் பந்தியில ரெண்டு வீட்டாரும் உக்காந்து சாப்பிடுததுதான அது. அங்கயும் டின்ல தேங்காப்பால் கிடைக்கும், பாசிப்பருப்ப வேகவச்சு கேரட்டு, பீன்ஸு, உருளக்கிழங்கு போட்டு, பச்சமிளகாயும் இஞ்சியும் அரைச்சு விட்டாப் போதும், காரம் அவுகளுக்குத் தாங்கும். கெட்டிப் பால ஊத்துனதுக்கப்புறம் கொதிக்க விடப்படாது, நுரை கட்டும்போதே இறக்கிட்டு ஆறுனதும் எலுமிச்சம்பழம் பிழியணும். இஞ்சிப்பச்சடிய மறந்துராம ஒரு தனி டப்பாவுல கொண்டு போகச் சொல்லுங்க தாயி, பக்கத்துல உக்காந்துருக்கவருக்கு அது இல்லாம சொதிய ஊத்தப்படாது.