பட்டறைப் பலகைத் தளத்துக்கு எதைப் பூசுவது?

கேள்வி: இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே சிறிய தச்சுப் பட்டறை நடத்துகிறேன். பலகைத் தளம், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் வார்னிஷ் அடித்தேன்; இப்போது வெள்ளை பூத்து உரிகிறது. ஹார்ட்வெயார் கடையில் எபொக்சி போடச் சொல்கிறார்கள். பக்கத்துப் பட்டறைப் பெரியவர், கழிவு எஞ்சின் ஒயில் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

கழிவு ஒயில் காயாது. மரத்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காலை வழுக்கும். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் உண்டு. ஒருமுறை ஊறிவிட்டால் அந்தப் பலகையில் பிறகு வேறெந்தப் பூச்சும் ஒட்டாது. எபொக்சி நல்ல பொருள்தான், ஆனால் சீமெந்துத் தளத்துக்கு. மரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆறு அங்குல அகலப் பலகையின் ஈரப்பதம் 18 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கினால், மரத்தின் இனத்தையும் அறுத்த விதத்தையும் பொறுத்து ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஒடுங்கும். மழைக்காலத்தில் மீண்டும் விரியும். விறைப்பான எபொக்சி அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் பலகை இடுக்குகளில் வெடித்துவிடும்.

உங்கள் வார்னிஷைக் கெடுத்தது பெரும்பாலும் கீழேயிருந்து வந்த ஈரம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை உங்கள் சரிவில் நேரே மோதுகிறது. தளத்துக்கு அடியில் உள்ள மண் நனைந்தே கிடக்க, பலகை அடிப்பக்கத்தால் ஈரம் குடிக்கிறது. வெயில் நாளில் அந்த ஈரம் மேலே வரப் பார்க்கிறது. வார்னிஷ் படலம் வழிவிடாததால் அதையே தூக்கிக்கொண்டு வருகிறது. எனவே டப்பா வாங்குவதற்கு முன் தளத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். காற்றுத் துவாரங்களைப் பலகைத் துண்டும் சாக்கும் அடைத்திருந்தால் அகற்றுங்கள். மேட்டுப் பக்கத்து மழைநீர் உள்ளே புகாமல் கான் வெட்டுங்கள். மண்மீது தடித்த பொலிதீன் விரித்துக் கல் வையுங்கள். தாங்கு மரங்களில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அது உளுத்த மரம், அதை மாற்றாமல் மேலே எதைப் பூசினாலும் வீண்செலவு.

பிறகு ஈரத்தை அளக்க வேண்டும். மானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். தளப் பலகையின் சுவரோர நுனியிலிருந்து சிறு துண்டு வெட்டி உடனே நிறுங்கள். பிறகு கேக் சுடும் ஒவனில் 100 பாகை செல்சியஸுக்குச் சற்று மேல் வைத்து, நிறை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். வெட்டியபோது 117 கிராம், உலர்ந்தபின் 100 கிராம் என்றால் ஈரம் 17 சதவீதம். ஹட்டன் பக்கம் 15, 16 கிடைத்தால் வேலையைத் தொடங்கலாம். இருபதைத் தாண்டியிருந்தால் பொறுங்கள். அந்த ஈரத்தில் பூஞ்சைதான் வளரும்.

உளியும் சுத்தியலும் விழும் தச்சுத் தளத்துக்கு என் தெரிவு, மரத்துக்குள் இறங்கிக் காயும் எண்ணெய்: டேனிஷ் ஒயில், அல்லது கடையில் ‘போயில்ட்’ என்று விற்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய். பின்னதில் உலர்த்திகள் சேர்த்திருக்கிறார்கள். பச்சை எண்ணெயை வாங்கி வீட்டில் காய்ச்சினால் அது கிடைக்காது, தீ விபத்துதான் கிடைக்கும். (தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது ஒருபோதும் காயாது.) எண்ணெய்ப் பூச்சில் பளபளப்பு இராது. ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிவிடலாம். வார்னிஷ் என்றால் தளம் முழுவதையும் சுரண்ட வேண்டும்.

பழைய வார்னிஷைச் சுரண்டி, 60ஆம் இலக்க சான்ட்பேப்பரில் தொடங்கி 100இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் மழமழவென்று ஆக்கினால் எண்ணெய் இறங்காது, காலும் வழுக்கும். லின்சீட் என்றால் முதல் கையில் (முதல் பூச்சில்) மூன்றில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பூசுங்கள். அரைமணி நேரத்துக்குள், குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் பிசுபிசுத்துக் கரும்பூஞ்சை பிடிக்கும். நம் குளிரில் அடுத்த கைக்கு இரண்டு மூன்று நாள் விடுங்கள். மூன்று கை போதும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானே தீப்பற்றும். மரத்தூள் நிறைந்த பட்டறையில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் நிரம்பிய மூடித் தகரத்தில் போடுங்கள். எண்ணெய் சிந்திய மரத்தூளுக்கும் இதே விதிதான்.

இரும்பு லேத், கிரீஸ் வேலை உள்ள மூலையில் தளத்தின்மேல் ஒரு பிளைவுட் தகடு போட்டுவிடுங்கள், அழுக்கானால் மாற்றலாம். பொலியூரித்தேன் என்ற வார்னிஷ் வகை, அடியில் உலர்ந்த அறை உள்ள மேல்மாடிப் பலகைக்குத்தான் பொருந்தும். இரண்டு டப்பா கலக்கும் வகை வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது.

ஜனவரி முதல் மார்ச் வரை உங்களுக்கு வாய்ப்பான காலம். காலை பனி விலகியபின் தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்குள் துடைத்து முடியுங்கள். மலையின் மறுபக்கத்தில் உள்ள பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் வறண்ட காற்றைப் பயன்படுத்தலாம், மரத்தூள் பறக்காமல் காற்றடிக்கும் பக்கத்துக் கதவை மட்டும் சாத்திவிட்டு.